கந்தோரில் 11 கொம்பியூட்டருக்கு நெட்வேர்க் பிரின்டர்: கரண்ட் போய் வந்தால் ‘ஒஃப்லைன்’, வின்டோஸ் 11 இல் 11பி பிழை

மாங்குளம்_சந்தி

வணக்கம். கூட்டுறவுச் சங்கக் கந்தோர் ஒன்றுக்கு பிரின்டர் ஒழுங்கு செய்ய வேண்டியிருக்கு. மொத்தம் 11 கொம்பியூட்டர்: ஆறு வின்டோஸ் 10, ஐந்து புதிசாய் வந்த வின்டோஸ் 11 புரோ. சேர்வர், டொமெய்ன் (எல்லா மெசினையும் ஒரே இடத்தில் கட்டுப்படுத்திற அமைப்பு) ஒன்றும் இல்லை, எல்லாம் வேர்க்குரூப்பில் தனித்தனியாய்த்தான் ஓடுது. ஃபைபர் ரவுட்டர் 192.168.1.1, அதிலிருந்து 16 போர்ட் சுவிட்ச்.

பிரின்டர் மூன்று. நெட்வேர்க் போர்ட் உள்ள கறுப்பு வெள்ளை லேசர் ஒன்று நேரே சுவிட்சில் இருக்கு. கெனன் எல்பிபி 2900 ஒன்று கணக்குப் பகுதிக் கொம்பியூட்டரில் யூஎஸ்பியில் கொழுவி ஷேர் பண்ணியிருக்கு. எப்சன் எல்கியூ 310 டொட் மெட்ரிக்ஸ் நெல் களஞ்சியத்தில், நிறுவைச் சிட்டை அடிக்க. களஞ்சியம் 130 மீற்றர் தள்ளி. வெளியால தூண்களில் கட்டி ஒரு நெட்வேர்க் கேபிள் இழுத்து, அங்கை ஒரு சின்ன வைஃபை ரவுட்டரில் குடுத்திருக்கு.

கரண்ட் போய் வந்தால் பாதிப் பேருக்கு லேசர் ‘ஒஃப்லைன்’ காட்டுது. அழிச்சுப்போட்டுத் திரும்ப அட் பண்ணினால் அடுத்த மின்வெட்டு மட்டும் ஓடும். கெனனை வின்டோஸ் 11 இல் சேர்க்கப் போனால் 11பி என்று முடியிற பிழை, ஒரு மெசினில் 709. கணக்குப் பகுதி லீவெண்டால் அந்தப் பிரின்டர் ஒருத்தருக்கும் இல்லை. சிலருக்குத் தட்டில் பேப்பர் இருக்கவே பேப்பர் போடச் சொல்லி லைட் மினுங்குது. தமிழ்க் கடிதங்கள் புது மெசினில் ஒரு பக்கம் இரண்டாகுது. களஞ்சியத்தில் இருந்து தேடினால் லேசர் வருகுதே இல்லை.

ஒருக்கால் செய்தால் பிறகு ஆள் தேவைப்படாத மாதிரி எப்பிடி அமைக்கலாம்?

கனகராயன்

இதில் பாதிக்கு ஒரே வைத்தியம்: பிரின்டருக்கு மாறாத ஐபி (நெட்வேர்க் முகவரி), ஒவ்வொரு கொம்பியூட்டரிலும் அந்த ஐபிக்கு நேரடி டிசிபி/ஐபி போர்ட் (அந்த முகவரிக்கு நேரே அனுப்பிற வழி). இடையில் இன்னொரு கொம்பியூட்டர் வேண்டாம்.

முதலில் காரணத்தைப் பாருங்கோ. கரண்ட் வந்ததும் லேசர் ஒரு நிமிடத்துக்குள் எழும்பி, ரவுட்டரிடம் ஐபி கேட்கும். ஃபைபர் ரவுட்டர் அந்த நேரம் இன்னும் எழும்பி முடிஞ்சிராது. பதில் வராததால் பிரின்டர் தானே 169.254 என்று தொடங்கிற முகவரி ஒன்றைப் போட்டுக்கொள்ளும். அல்லது கொஞ்சம் பிந்தி வேறு ஒரு ஐபி எடுக்கும். கொம்பியூட்டர்கள் பழைய ஐபியில் தேடிக்கொண்டிருக்கும். அடுத்தமுறை இப்பிடி நடக்கேக்கை ஒன்றையும் அழிக்காமல், பிரின்டர் பட்டனிலிருந்து கொன்ஃபிகுரேஷன் பக்கத்தை அடிச்சுப் பாருங்கோ. ஐபி என்ன என்று அதிலேயே இருக்கும்.

ரவுட்டருக்குள் போய் டிஎச்சிபி வீச்சை (ரவுட்டர் தானாகப் பங்குபோடுற ஐபிகளின் எல்லையை) சுருக்குங்கோ. பல ரவுட்டர்களில் 2 தொடக்கம் 254 வரை முழுவதையும் அதுவே பங்குபோட விட்டிருக்கும். அதை 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை என்று வையுங்கோ. பிறகு பிரின்டரின் பனலில் நெட்வேர்க், ஐபிவி4, மெனுவல் போய் 192.168.1.201, சப்நெட் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 என்று குடுங்கோ. வீச்சைச் சுருக்காமல் பிரின்டருக்கு மட்டும் ஐபி குத்தினால், ஒரு நாளைக்கு ரவுட்டர் அதே ஐபியை ஆருடையோ ஃபோனுக்குக் குடுத்துவிடும். டிஎச்சிபி ரிசர்வேஷனும் (ரவுட்டரிலேயே பிரின்டருக்கு ஒரு ஐபியை ஒதுக்கி வைக்கிறது) நல்ல வழிதான். ஆனால் அதிலும் பிரின்டர் ரவுட்டரை எதிர்பார்த்துத்தான் நிற்கும். அடிக்கடி கரண்ட் போற இடத்தில் பிரின்டரிலேயே குத்திவிடுறதுதான் உறுதி.

இனிக் கொம்பியூட்டர் பக்கம். இப்ப உள்ளது பெரும்பாலும் ‘டபிள்யூஎஸ்டி’ போர்ட்டாக இருக்கும். பிரின்டர் புரோப்பர்டீஸ், போர்ட்ஸ் டப்பில் பார்த்தால் தெரியும். வின்டோஸ் தானாகத் தேடிச் சேர்க்கேக்கை இதைத்தான் போடுறது. அது பிரின்டரை அறிவிப்புச் செய்தி மூலம் கண்டுபிடிக்கிற முறை. செய்தி தவறினால் பிரின்டர் சும்மா நின்றாலும் ‘ஒஃப்லைன்’ என்றுதான் சொல்லும். ஆகவே பழையதை அழிச்சு, ‘பிரின்ட் சேர்வர் புரோப்பர்டீஸ்’ உள்ளே டிரைவர்ஸ் டப்பில் பழைய டிரைவரையும் எடுங்கோ. பாவனையில் இருக்கு என்று மறுத்தால் பிரின்ட் ஸ்பூலர் (பிரின்ட் வேலைகளை வரிசையில் வைச்சு அனுப்பிற பகுதி) சேர்விஸை ஒருக்கால் ரீஸ்டார்ட் பண்ணின கையோடு எடுக்க விடும்.

பிறகு செட்டிங்ஸில் பிரின்டர்ஸ் அன்ட் ஸ்கேனர்ஸ், அட் டிவைஸ். அது தேடி முடிய விட்டால் கீழே ‘அட் மெனுவலி’ வரும். அதில் ஐபி அட்ரஸ் மூலம் சேர்க்கிற தெரிவை எடுங்கோ. அடுத்த பெட்டியில் டிவைஸ் டைப்பை ‘ஓட்டோடிடெக்ட்’ என்று விடாமல் ‘டிசிபி/ஐபி டிவைஸ்’ என்று மாத்துங்கோ. ஓட்டோவில் விட்டால் திரும்பவும் வேறு வகைப் போர்ட் வந்து குந்தும். ஐபி 192.168.1.201. டிரைவரைத் தானே கேட்டு எடுக்கிற டிக்கை எடுத்துவிட்டு ‘ஹாவ் டிஸ்க்’ மூலம் குடுங்கோ. டிரைவர் பொதியை ஒரு மெசினில் டவுன்லோட் பண்ணி, விரிச்ச ஃபோல்டரைப் பென் டிரைவில் கொண்டு திரியுங்கோ. முழுப் பொதி நூற்றுக்கணக்கான எம்பி வரும். ஒவ்வொரு மெசினிலும் இறக்கினால் டேட்டாவும் போகும், நேரமும் போகும்.

சேர்த்து முடிய போர்ட்ஸ், கொன்ஃபிகர் போர்ட். புரோட்டோகோல் ‘ரோ’, இலக்கம் 9100. அதே பெட்டியில் கீழே ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்’ என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கோ. எஸ்என்எம்பி என்பது பிரின்டரின் நிலையைக் கேட்கிற முறை. பிரின்டர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் நல்லா ஓடிக்கொண்டிருக்கிற பிரின்டரையும் வின்டோஸ் ஒஃப்லைன் என்று முடிவு கட்டும். டிக்கை எடுத்தால் டோனர் அளவு போன்ற சில விபரம் வராது, அவ்வளவுதான்.

கடைசியாக, ‘லெட் வின்டோஸ் மனேஜ் மை டிஃபோல்ட் பிரின்டர்’ என்பதை ஓஃப் பண்ணி, டிஃபோல்ட் பிரின்டரை நீங்களே வையுங்கோ. அது ஓனில் இருந்தால் கடைசியாய் அடிச்ச பிரின்டர் எதுவோ அதுதான் டிஃபோல்ட். ஒருக்கால் பிடிஎஃப் ஆகச் சேமிச்சவர் பிறகு பிரின்ட் குடுத்துவிட்டுப் பேப்பர் வரும் வரும் என்று நிற்பார்.

புரோ பதிப்பில் ‘பிரின்ட் மனேஜ்மென்ட்’ இருக்கு. காணாவிட்டால் ஒப்ஷனல் ஃபீச்சர்ஸில் சேர்க்கலாம். ஒரு மெசினைச் சரியாக அமைச்சு, அதிலிருந்து பிரின்டர், போர்ட், டிரைவர் எல்லாத்தையும் ஒரே ஃபைலாக எக்ஸ்போர்ட் பண்ணி மற்றதுகளில் இம்போர்ட் பண்ணலாம். எல்லாம் 64 பிட்டாக இருக்க வேணும். இப்பிடி நேரடி போர்ட்டில் சேர்த்த பிரின்டர் அந்த மெசினில் லொகின் பண்ணிற எல்லாருக்கும் தெரியும். ஷேர் பண்ணின பிரின்டர் சேர்த்த ஆளுக்கு மட்டும்தான் தெரியும்.

பாலியாறு

கனகராயன் அண்ணை சொன்னதோட களஞ்சியத்தைப் பற்றி நான் சொல்லுறன்.

130 மீற்றர் செப்புக் கேபிள் முதலில் நீளம் கூட. கேட்5இ, கேட்6 எதுவானாலும் 100 மீற்றர்தான் எல்லை. ஓடுற மாதிரித் தெரியும், ஆனால் பக்கம் கூடிய வேலை குடுத்தால் இடையில் அறும், வேகம் தானாக விழும். அதைவிடப் பெரிய ஆபத்து மின்னல். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் வெளியால போற செப்புக் கேபிளில், கிட்ட எங்கேயோ விழுந்த இடியே போதும், இரண்டு பக்கச் சுவிட்சும் ரவுட்டரும் பிரின்டரின் நெட்வேர்க் போர்ட்டும் சேர்ந்து போகும். பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரத்து இடி எப்பிடி என்று வன்னியில் சொல்லத் தேவையில்லை. நேரே விழ வேண்டியதே இல்லை. இரண்டு கட்டடத்தின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லாததாலேயே அந்தக் கேபிள் வழியாகக் கரண்ட் பாயும்.

அதைக் கழட்டிப்போட்டு ஃபைபர் இழுங்கோ. ஒற்றை இழை சிங்கிள் மோட் கேபிள், இரண்டு முனையிலும் மீடியா கொன்வேர்ட்டர் (ஃபைபரைச் சாதாரண நெட்வேர்க் போர்ட்டுக்கு மாத்திற பெட்டி). ஒற்றை இழையில் ஓடிற கொன்வேர்ட்டர் ஏ, பி என்று சோடியாக வரும்: ஒன்று 1310 நனோமீற்றர் ஒளியில் அனுப்பி 1550 இல் வாங்கும், மற்றது அதுக்கு நேர்மாறு. இரண்டும் ஏ ஆக வாங்கினால் லிங்க் லைட் எரியாது. வெளியால இழுக்கிற ஃபைபரில் தாங்கிறதுக்கு இரும்புக் கம்பி ஒன்று சேர்ந்திருக்கும். அதைச் சுவருக்கு வெளியிலேயே கட்டி முடிச்சு வெட்டிவிடுங்கோ. கட்டடத்துக்குள்ளை கொண்டுவந்தால் மின்னலுக்கு நீங்களே வழி விட்ட மாதிரி.

சிலர் வயர்லெஸ் பிரிட்ஜ் போடச் சொல்லுவினம். நடுவில் பனையோ தென்னையோ இல்லாமல் நேரே தெரிஞ்சால் ஓடும்தான். ஆனால் அன்டெனாவுக்கு ஏறுற செப்புக் கேபிள் அங்கேயும் வெளியில்தான் நிற்கும். 130 மீற்றருக்கு ஃபைபர்தான் என்ர தெரிவு.

அடுத்தது அந்தச் சின்ன ரவுட்டர். கேபிளை அதின்ர ‘வான்’ போர்ட்டில் (வெளி இணைப்புக்கானது) குத்தியிருப்பினம். அப்ப களஞ்சியம் தனி நெட்வேர்க், 192.168.0 என்று வேறொரு வீச்சு. உள்ளேயிருந்து வெளியே ஐபி குடுத்து அடிக்கலாம், ஆனால் தேடினால் பிரின்டர் வராது. கந்தோரிலிருந்து களஞ்சியத்துக்குள்ளை போகவே ஏலாது. திருத்தம் லேசு: அந்த ரவுட்டரின் டிஎச்சிபியை ஓஃப் பண்ணி, அதுக்கு 192.168.1.2 என்று ஐபி குடுத்து, கேபிளை ‘வான்’ போர்ட்டிலிருந்து கழட்டி ‘லான்’ போர்ட்டில் (உள் நெட்வேர்க்குக்கானது) குத்துங்கோ. இந்த ஒழுங்கிலேயே செய்யுங்கோ. டிஎச்சிபி ஓனில் இருக்க ‘லான்’ போர்ட்டில் குத்தினால் இரண்டு ரவுட்டரும் போட்டிக்கு ஐபி பங்குபோட்டு முழுக் கந்தோரும் குழம்பும்.

எல்கியூ 310 ஐ நெட்வேர்க்கில் போட மினக்கெடாதேங்கோ. சிட்டை அடிக்கிறது களஞ்சியத்தில்தான், அந்தக் கொம்பியூட்டரிலேயே யூஎஸ்பியில் இருக்கட்டும். நெட்வேர்க் விழுந்தாலும் நெல் நிறுவை நிற்காது. சிட்டை அரைத்தாள் என்றால் ‘பிரின்ட் சேர்வர் புரோப்பர்டீஸ்’, ஃபோர்ம்ஸ் டப்பில் அகலம் 9.5, உயரம் 5.5 அங்குலம் என்று புது ஃபோர்ம் ஒன்று பெயர் குடுத்துச் சேர்த்து, அதைப் பிரின்டரில் தெரிவு செய்யுங்கோ. இல்லாவிட்டால் ஒவ்வொரு சிட்டைக்கும் முழுத்தாள் நீளம் தள்ளும்.

லேசரை யூபிஎஸ்ஸில் கொழுவக்கூடாது. ஃபியூசர் (டோனரைச் சூடாக்கித் தாளில் ஒட்டவைக்கிற பகுதி) சூடாகிற விநாடிகளில் பல நூறு வாட் ஒரேயடியாக இழுக்கும். 650 விஏ யூபிஎஸ் தாங்கிறது 400 வாட்டுக்குள்தான். ரவுட்டர், சுவிட்ச், மீடியா கொன்வேர்ட்டர் மூன்றையும் யூபிஎஸ்ஸில் விடுங்கோ, லேசர் நேரே சுவர் பிளக்கில்.

தண்ணீரூற்று

பேப்பர் லைட் மினுங்கிறதுக்குக் காரணம் லெட்டர் அளவு. வின்டோஸ் அமெரிக்க ஆங்கிலத்தில் நிறுவியிருந்தால் டிரைவர் லெட்டர் என்றுதான் வரும், தட்டில் இருக்கிறது ஏ4. பிரின்டர் லெட்டர் தாளுக்குக் காத்து நிற்கும். ‘பிரின்டிங் பிரிஃபெரன்சஸ்’ இல் மாத்தினால் மாத்தினவருக்கு மட்டும்தான். பிரின்டர் புரோப்பர்டீஸ், அட்வான்ஸ்ட் டப்பில் ‘பிரின்டிங் டிஃபோல்ட்ஸ்’ உள்ளே ஏ4 ஆக்கினால் அந்த மெசினில் எல்லாருக்கும் பிடிக்கும். தட்டு அளவையும் பிரின்டரின் வெப் பக்கத்தில் ஏ4 என்று வையுங்கோ, பிரவுசரில் 192.168.1.201 என்று அடிச்சால் வரும். அந்தப் பக்கத்துக்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டுவிடுங்கோ.

தமிழ்ப் பிரச்சினையை இரண்டாகப் பிரிச்சுப் பாக்க வேணும். ஸ்கிரீனிலேயே பிழை என்றால் பிரின்டரில் கை வைக்க வேண்டாம். பாமினி எழுத்துருவில் அடிச்ச பழைய கடிதம் பாமினி நிறுவாத மெசினில் இங்கிலீஸ் எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். எழுத்துருவை நிறுவினால் சரி. ஒரு பக்கம் இரண்டாகிறது வேற விசயம். லதா எழுத்துரு வின்டோஸ் 10 தொடக்கம் தானாக வராது, சிங்களத்துக்கு இஸ்கோல பொத்தவும் அப்பிடித்தான். அதில்லாத மெசினில் நிர்மலா யூஐ அந்த இடத்தைப் பிடிக்கும். அகலமும் வரி உயரமும் வேறு என்றதால் மும்மொழிப் படிவங்களில் கடைசி வரி, கையெழுத்து வைக்கிற இடம் எல்லாம் அடுத்த பக்கத்துக்குத் தள்ளுப்படும். ஒப்ஷனல் ஃபீச்சர்ஸில் ‘தமிழ் சப்ளிமென்டரி ஃபொன்ட்ஸ்’, ‘சிங்கள சப்ளிமென்டரி ஃபொன்ட்ஸ்’ இரண்டையும் ஐந்து புது மெசினிலும் சேருங்கோ.

ஸ்கிரீனில் சரி, பேப்பரில் மட்டும் கொம்பு கால் மாறுது, பெட்டி பெட்டியாய் வருது என்றால் அது டிரைவர். சில டிரைவர்களில் அட்வான்ஸ்டில் ட்ரூடைப் எழுத்துகளை பிட்மெப் ஆக அனுப்பிற தெரிவு இருக்கு, அதை ஓன் பண்ணுங்கோ. பிடிஎஃப் என்றால் அக்ரோபட் ரீடரில் பிரின்ட் பெட்டியில் அட்வான்ஸ்ட், ‘பிரின்ட் அஸ் இமேஜ்’. கொஞ்சம் மெதுவாக வரும், எழுத்துப் பிழைக்காது.

மாரி காலத்தில் பேப்பர் கட்டைத் திறந்தபடி நிலத்தில் வைக்காதேங்கோ. ஈரம் ஏறின தாள்தான் லேசரில் சுருண்டு சிக்கிறது.

மாங்குளம்_சந்தி

எல்லாருக்கும் நன்றி. டிஎச்சிபி வீச்சைச் சுருக்கி, லேசருக்கு 192.168.1.201 குடுத்து, நாலு மெசினில் டிசிபி/ஐபி போர்ட் போட்டாச்சு. நல்லா அடிக்குது. ஆனால் இடைக்கிடை ஒரு வேலை போய்ச் சேருறதில்லை, ஸ்பூலில் ‘எரர்’ என்று நிற்குது. கொஞ்ச நேரத்தால் தானே சரிவருது. கேபிள் மாத்திப் பார்த்தாச்சு.

கனகராயன்

பிரின்டரை முழுக்க ஓஃப் பண்ணி, நெட்வேர்க் கேபிளையும் கழட்டிப்போட்டு, ஒரு கொம்பியூட்டரிலிருந்து 192.168.1.201 க்கு பிங் (பதில் வருதா என்று பார்க்கிற கட்டளை) குடுங்கோ. அப்பவும் பதில் வந்தால் அந்த ஐபியில் வேறு ஆளும் இருக்கு. சிசிரீவி பெட்டிகளுக்கும் கைரேகை மெசினுக்கும் போட்டவர்கள் கையால் ஐபி குத்திவிட்டுப் போயிருப்பினம். அது ரவுட்டரின் டிஎச்சிபி பட்டியலில் தெரியாது.

அதோட, பிழையாய் நிற்கிற வேலை வரிசையை அடைச்சால் கென்சல் கேட்காது. சேர்விஸஸில் பிரின்ட் ஸ்பூலரை நிப்பாட்டி, வின்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் உள்ளே இருக்கிற ஃபைல்களை மட்டும் அழிச்சு, திரும்ப ஸ்டார்ட் குடுங்கோ. ஃபோல்டரை அழிக்க வேண்டாம்.

வன்னேரி

கெனனைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. எல்பிபி 2900 யூஎஸ்பி மட்டும்தான், நெட்வேர்க் போர்ட் கிடையாது. பக்கத்தைத் தயாரிக்கிற வேலை கொம்பியூட்டரில்தான் நடக்கும், பிரின்டரோட இரண்டு பக்கமும் பேசிக்கொண்டுதான் அடிக்கும். அதனால் விலை குறைஞ்ச யூஎஸ்பி பிரின்ட் சேர்வர் பெட்டி வாங்கிக் கொழுவினால் சரிவராது, காசு வீண். ஷேர் பண்ணுறது ஒன்றுதான் வழி.

11பி பிழை, 2021 இல் ஸ்பூலரில் கண்ட பாதுகாப்பு ஓட்டைகளை அடைச்ச அப்டேட்டுகளால் வந்தது. அந்த செப்டெம்பர் அப்டேட்டுக்குப் பிறகு ஷேர் பண்ணிற மெசின் கட்டாயம் குறியாக்கத்தோட பேசச் சொல்லும். ஒரு பக்கம் அப்டேட் ஆகி மற்றது ஆகாமல் இருந்தால் முட்டும். ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி போட்டு அந்தக் காவலை நிப்பாட்டச் சொல்லி எத்தனையோ வீடியோ இருக்கு. செய்யாதேங்கோ, சங்கத்தின் கணக்குப் புத்தகமே அந்த மெசினில் இருக்கு. இரண்டு பக்கத்தையும் முழுதாய் அப்டேட் பண்ணுங்கோ. வின்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஓட முடிஞ்சுது, ஆகவே ஷேர் பண்ணிற மெசின் வின்டோஸ் 11 ஆகவே இருக்கட்டும்.

709 அனேகமாக வின்டோஸ் 11 இன் 22எச்2 பதிப்போட வந்த மாற்றத்தால். அதிலிருந்து பிரின்டர் இணைப்பு டிசிபி வழியாகத்தான் முதலில் போகும். பழைய பக்கம் விளங்காவிட்டால் குரூப் பொலிசியில் பிரின்டர்ஸ் பகுதியில் ‘கொன்ஃபிகர் ஆர்பிசி கனெக்ஷன் செட்டிங்ஸ்’ ஐத் திறந்து ‘நேம்ட் பைப்ஸ்’ ஆக்குங்கோ. 24எச்2 புரோவில் பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் ஷேரிங்கும் நிப்பாட்டப்பட்டிருக்கு. ஷேர் பண்ணிற மெசினில் ‘பிரின்ட்’ என்று ஒரு சாதாரண யூசர், பாஸ்வேர்டோட உருவாக்கி, மற்ற மெசின்களில் ‘கிரெடென்ஷல் மனேஜர்’ இல் அதைச் சேமிச்சு வையுங்கோ. இந்தக் கணக்குக்கு அட்மின் உரிமை வேண்டாம்.

முதல்முறை டிரைவர் போட மட்டும் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். அதுவும் 2021 ஓகஸ்ட் தொடக்கம் வந்த கட்டுப்பாடு. டிரைவரை முதலே லோக்கலாக நிறுவிவிட்டுப் பிறகு ஷேரைச் சேர்த்தால் கேட்காது.

நேரடி ஐபிதான் எல்லாத்துக்கும் நல்லது என்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. 11 மெசினுக்குச் சரி. 25, 30 என்று கூடினால், அல்லது ஆர் எத்தனை பக்கம் அடிக்கினம் என்று கணக்கு வேணுமெண்டால், எல்லாம் ஒரு சேர்வர் வழியாகப் போறதுதான் வசதி. டிரைவர் மாத்துறதும் ஒரே இடத்தில். ஆனால் அதுக்கு சாதாரண வின்டோஸ் 11 புரோ காணாது, ஒரே நேரத்தில் 20 இணைப்புத்தான் விடும்.

மாங்குளம்_சந்தி

கேபிளைக் கழட்டின பிறகும் பிங் பதில் வந்தது. சிசிரீவி டிவிஆர் பெட்டிதான் 201 இல் இருந்தது. லேசரை 192.168.1.210 க்கு மாத்தி, எல்லா மெசினிலும் போர்ட்டைத் திருத்தியாச்சு. மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பார்த்தது, ஒருத்தருக்கும் ஒஃப்லைன் இல்லை. மும்மொழிப் படிவம் திரும்ப ஒரு பக்கத்துக்குள்ளை நிற்குது. ஃபைபருக்கு விலை கேட்டிருக்கு.

ஒன்று மட்டும்: மத்தியானம் ஒருத்தரும் அடிக்காமல் விட்டால் பிரின்டர் முழுதாய் அணைஞ்சு போகுது, பட்டன் அமத்தினால்தான் வருது.

பாலியாறு

அது ‘ஓட்டோ ஓஃப்’. ஸ்லீப் வேறை, இது வேறை. ஸ்லீப்பில் இருந்தால் நெட்வேர்க்கில் வேலை வர எழும்பும், ஓட்டோ ஓஃப் ஆனால் எழும்பாது. வெப் பக்கத்தில் எனர்ஜி அல்லது பவர் செட்டிங்ஸ் உள்ளே ‘நெவர்’ ஆக்குங்கோ. சில வகைகளில் ‘போர்ட் இயக்கத்தில் இருந்தால் தாமதி’ என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டாலும் போதும். ஸ்லீப்பை 15 நிமிடத்தில் விடலாம்.

ஃபைபர் வர முதல் இடி முழங்கினால் களஞ்சியக் கேபிளைக் கந்தோர்ச் சுவிட்ச் பக்கம் கழட்டிவிடச் சொல்லுங்கோ. சுவிட்சை ஓஃப் பண்ணினால் காணாது, கேபிள் கழன்றிருக்க வேணும்.